20,000 ரூபாய்க்குள் சலவை இயந்திரம்: முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

சலவை இயந்திரம் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கிலோ கணக்கிலும் நட்சத்திரக் கணக்கிலும் பேசத் தொடங்குவார். எத்தனை வகைச் சலவை, எத்தனை ஆண்டு வாரண்டி, மாதத் தவணை எவ்வளவு என்று பேச்சு வளரும். உங்கள் வீட்டுக் குழாயில் எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, துவைத்த துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. 20,000 ரூபாயை ஒட்டிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கப்போகும் குடும்பத்துக்கு இந்த மூன்றும்தான் முடிவைச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சென்னையின் தென்புறநகரில், ஆண்டு முழுவதும் போர் தண்ணீரையும் கோடையில் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. எங்கள் வீட்டில் ஓடுவது, மேல்மூடியைத் திறந்து துணி போடும், முழுக்கத் தானாக இயங்கும் 7 கிலோ டாப் லோடு இயந்திரம். ஊரில் பெற்றோர், துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியும் கொண்ட செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கிறார்கள். அக்கா வீட்டில் முன்பக்கக் கதவு வழியே துணி போடும் ஃப்ரண்ட் லோடு இருக்கிறது. மூன்றிலும் துவைத்துப் பழகியதை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மாடல் எண்கள் ஆண்டுக்காண்டு மாறிவிடுவதால் ஒரு குறிப்பிட்ட மாடலைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. எந்த வகை எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதைத்தான் எடை போட்டிருக்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, 7 கிலோ அளவுள்ள செமி ஆட்டோமேட்டிக் ஏறத்தாழ 9,000 முதல் 12,000 ரூபாய் வரையிலும், அதே அளவு டாப் லோடு 14,000 முதல் 20,000 ரூபாய் வரையிலும் கிடைக்கின்றன. 6 அல்லது 7 கிலோ ஃப்ரண்ட் லோடு 22,000 ரூபாயில் தொடங்கி 30,000 ரூபாயைத் தாண்டிச் செல்கிறது. துவைத்து உலர்த்தியும் தரும் வாஷர் டிரையருக்கு 45,000 ரூபாயாவது வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, புத்தாண்டு விற்பனை ஆகிய காலங்களில் இந்த எண்கள் சற்று இறங்கும். இந்த விலைகளுக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, 2018 ஜூலைக்கு முன் அது 28 சதவீதமாக இருந்தது.

எத்தனை கிலோ வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். இயந்திரத்தின் முகப்பில் எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த துணியின் எடையைக் குறிக்கும். சட்டை ஒன்று ஏறத்தாழ கால் கிலோ இருக்கும். ஜீன்ஸ் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பருத்திப் புடவையும் குளியல் துண்டும் அரைக் கிலோவை ஒட்டியவை. இரட்டைக் கட்டில் விரிப்பு ஒரு கிலோவை நெருங்கும். இப்படிக் கூட்டிப் பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாள் துணி 5 கிலோ அளவில்தான் வரும். தொட்டியை முழுக்க அடைக்காமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் துணி நன்றாகப் புரண்டு அழுக்குப் போகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் 6.5 அல்லது 7 கிலோ போதுமானது. கனமான போர்வைகளை வீட்டிலேயே துவைக்கிறவர்களும், ஐந்தாறு பேருக்கு மேல் உள்ள கூட்டுக் குடும்பத்தினரும் 8 கிலோவுக்குப் போகலாம். மற்றவர்கள் அந்தக் கூடுதல் ஓராயிரம் ஈராயிரத்தை வேறு தேவைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

இனித் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் இயந்திரத்தின் ஆயுளை முடிவு செய்வது அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. புறநகர்ப் போர் தண்ணீர் பல இடங்களில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறது. கடினத்தன்மை 500 மில்லிகிராம் உள்ள நீரில் 100 லிட்டரை இயந்திரம் எடுத்துக்கொண்டால், கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 கிராம் உப்பு ஒவ்வொரு சலவைக்கும் உள்ளே போகிறது. அதில் பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியேறிவிடும். நீரைச் சூடாக்கும்போதும், ஈரம் காய்ந்து போகும் இடங்களிலும்தான் உப்பு படிந்து கெட்டியாகிறது. சோப்புத் தூளின் வேலையில் ஒரு பகுதி இந்த உப்போடு போராடுவதிலேயே கழிந்துவிடுவதால் கூடுதல் தூள் தேவைப்படுகிறது. அதையும் சரியாக அலசாவிட்டால் கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டுகளும், தொட்டால் சொரசொரக்கும் துண்டுகளும்தான் கிடைக்கும்.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். நுரை திரண்டு நின்றால் மென்னீர். நுரை அடங்கி, தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் துகள்கள் மிதந்தால் கடின நீர். எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். 20,000 ரூபாய்ப் பொருளை வாங்கும் முன் இந்தச் சிறு செலவைச் செய்யத் தயங்க வேண்டாம்.

தண்ணீரின் வேகமும் முக்கியம். மொட்டை மாடித் தொட்டி பெரியது என்பதால் மட்டும் நீரின் அழுத்தம் அதிகமாகிவிடாது. குழாயிலிருந்து தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் குடியிருப்பவருக்குத் தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். நீர் நுழையும் வால்வு திறந்து வேலை செய்யக் குறைந்த அளவு அழுத்தம் வேண்டும். அந்த அளவு ஒவ்வொரு இயந்திரத்தின் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். கடைசி மாடிக்காரர்கள் பணம் கட்டும் முன் அந்த எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். மிகக் குறைந்த அழுத்தத்திலும் நிரம்பக்கூடிய வால்வு கொண்ட டாப் லோடு இயந்திரங்கள் சந்தையில் உண்டு. ஆகவே அழுத்தம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை கொடுத்துப் பம்பு பொருத்த வேண்டியதில்லை.

செமி ஆட்டோமேட்டிக்கைப் பழங்காலப் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் தண்ணீர்த் தட்டுப்பாட்டை அறியாதவர்கள் என்றே சொல்வேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த காலத்தில், குழாய் இணைப்பை நம்பாத இந்த வகைதான் பல வீடுகளில் ஓடியது. வாளியில் ஊற்றித் துவைக்கலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே வண்ணத் துணியையும், கடைசியாக மிதியடியையும் போடலாம். எவ்வளவு தண்ணீர் செலவழிக்க வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில். கழுத்துப்பட்டையைத் தேய்க்க வேண்டுமென்றால் நடுவில் நிறுத்தித் தேய்த்துவிட்டு மீண்டும் போடலாம். பழுதானாலும், டைமரையும் மோட்டாரையும் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

இதன் பிழிவான் தொட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரத்தில் நிமிடத்துக்கு 1,300 அல்லது 1,400 சுற்று என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, 1,000 சுற்று ஃப்ரண்ட் லோடைவிட இது நன்றாகப் பிழியும் என்று நினைப்பது சரியாகாது. நீரை வெளியே தள்ளும் விசை, சுற்றின் வேகத்தோடு தொட்டியின் விட்டத்தையும் பொறுத்தது. பிழிவான் தொட்டியின் விட்டம் ஃப்ரண்ட் லோடு உருளையின் விட்டத்தில் பாதி என்று கொண்டால், பிழிவானில் 1,400 சுற்று தரும் விசையை ஃப்ரண்ட் லோடில் 1,000 சுற்றுக்குள்ளேயே பெற்றுவிடலாம். ஆனாலும் சாதாரண டாப் லோடு நிமிடத்துக்கு 700 சுற்றை ஒட்டித்தான் பிழிகிறது என்பதால், மழைக்காலத்தில் துணி விரைவாகக் காய்வதில் செமி ஆட்டோமேட்டிக் அதற்குப் பின்தங்குவதில்லை.

குறை என்னவென்றால் ஆள் நிற்க வேண்டும். நீர் குடித்துக் கனத்த துணிகளைக் குனிந்து எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் அடுக்கி, அலசி, மறுபடியும் பிழிவது இடுப்பு வலி உள்ளவர்களுக்குக் கடினமான வேலை. எழுபது வயதைக் கடந்த தாய் தனியாகத் துவைக்கும் வீட்டுக்கு இதை வாங்கித் தரக் கூடாது. விலை எவ்வளவு குறைந்தாலும் அது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. எந்த வகையானாலும், தரைத்தளத்திலும் தோட்டம் உள்ள வீட்டிலும் வைப்பவர்கள் அடிப்பகுதியில் எலி புகாமல் தடுக்கும் வலை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தே வாங்க வேண்டும். எலி கடித்த வயர் வாரண்டியில் சேராது.

எங்கள் வீட்டிலிருக்கும் டாப் லோடு வகைக்கே இந்தத் தொகையில் முதலிடம் தருகிறேன். துணியையும் தூளையும் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பலாம், மின்சாரம் போய் வந்தால் நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி இப்போது பெரும்பாலான மாடல்களில் இருக்கிறது, விடுபட்ட காலுறையை நடுவில் மூடி திறந்து போடலாம், குனிய வேண்டியதில்லை. ஒரு சலவை முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்த விலையில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. கடின நீருள்ள வீட்டுக்கு அதுவே நன்மை, ஏனெனில் உப்பு முதலில் படியும் இடம் ஹீட்டர்தான். புடவையும் துப்பட்டாவும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வது இதன் தொல்லை. புடவையை மடித்து வலைப்பையில் போட்டால் அது பெரிதும் குறைகிறது. பட்டையும் ஜரிகையையும் எந்த இயந்திரத்திலும் போடக் கூடாது.

டாப் லோடின் பெரிய செலவு தண்ணீர். 7 கிலோ இயந்திரம் முழு அளவில் 100 லிட்டருக்கு மேல் எடுக்கும். அதே அளவு ஃப்ரண்ட் லோடு 50 முதல் 60 லிட்டரில் முடித்துவிடும். வாரத்துக்கு ஐந்து முறை துவைக்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் 60 லிட்டர் கூடினால், ஆண்டுக்கு 15,600 லிட்டர் கூடுதலாகச் செலவாகிறது. 12,000 லிட்டர் லாரி ஒன்று கொண்டுவரும் தண்ணீரைவிட இது அதிகம். தனி வீட்டில் லாரிக்கு நீங்களே பணம் கொடுப்பதாக இருந்தால், ஃப்ரண்ட் லோடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 8,000 ரூபாயோ 10,000 ரூபாயோ சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும். அதனால்தான் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையில் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிற்காமல், ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும் வரியைப் படிக்கச் சொல்கிறேன்.

ஃப்ரண்ட் லோடு துணியை நன்றாகத் துவைக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அக்கா வீட்டு வெள்ளை வேட்டிகளுக்கும் எங்கள் வீட்டு வேட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. துணி மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுந்து துவைபடுவதால் நைவதும் குறைவு. நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் பிழிவதால் கொடியில் சொட்டுவதே இல்லை. இவ்வளவு நன்மைக்கும் ஈடாக அது சில நிபந்தனைகளை விதிக்கிறது. ஹீட்டர் 2,000 வாட் அளவில் இருப்பதால் 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். நுரை குறைந்த, ஃப்ரண்ட் லோடுக்கென்றே விற்கும் தூளைத்தான் போட வேண்டும். சாதாரணத் தூள் நுரை பொங்கிச் சலவையைக் கெடுத்துவிடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் துடைத்து, கதவைத் திறந்துவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும். கீழே உள்ள பம்பு வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். இவற்றைச் செய்யப் பொறுமையும் மென்னீரும் உள்ள வீடு, இன்னும் சில மாதம் சேமித்து 27,000 ரூபாய் அளவில் ஒரு நல்ல ஃப்ரண்ட் லோடு வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் டாப் லோடே போதும்.

சுடுநீர்ச் சலவைக்காக மட்டும் ஃப்ரண்ட் லோடுக்குப் போக வேண்டாம். 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் செலவாகும். அது பெரிய தொகை அல்ல. ஆனால் சென்னையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் தானே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அன்றாடத் துணிக்கு அது போதும். கைக்குழந்தையின் துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு ஆகியவை மிகுதியாக உள்ள வீட்டுக்குத்தான் ஹீட்டர் உண்மையான தேவை. உதகையிலும் கொடைக்கானலிலும் கணக்கு வேறு. அங்கே குளிர்ந்த நீரில் தூள் கரைவதே சிரமம்.

வடகிழக்குப் பருவமழையில் துணி காயாமல் தவிக்கும் அடுக்குமாடிக் குடும்பங்கள் வாஷர் டிரையரை ஆசையோடு பார்ப்பது இயல்பு. அந்தத் தொகை உங்களிடம் இருந்தாலும் சில செய்திகளை அறிந்து வாங்குங்கள். 8 கிலோ துவைக்கும் இயந்திரம் உலர்த்துவது 5 கிலோ அளவில்தான். துவைத்த துணியில் பாதியை வெளியே எடுத்து, இரண்டு தவணையாக உலர்த்த வேண்டியிருக்கும். 5 கிலோ பருத்தித் துணி நன்றாகப் பிழிந்த பிறகும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் நீரை வைத்திருக்கும். அதை ஆவியாக்க ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரமும் சில மணி நேரமும் செலவாகும். வாரத்துக்கு நான்கு முறை உலர்த்தினால் இரண்டு மாதக் கணக்கில் 100 யூனிட் கூடும். 500 யூனிட்டை நெருங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த 100 யூனிட் கட்டண விகிதத்தையே உயர்த்திவிடும். ஆண்டில் இரண்டு மூன்று மாத மழைக்காக இவ்வளவு செலவு செய்வதைவிட, கூரையில் கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் துணிக்கொடி ஒன்றைப் பொருத்தி, பிழியும் சுற்றை இரண்டாம் முறை ஓட்டி, மின்விசிறிக்கடியில் காயவைப்பதே சிறிய குடும்பத்துக்கு ஏற்றது. வெயிலே விழாத, பால்கனியும் இல்லாத வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு மட்டும் நான் மாற்றுக் கருத்துச் சொல்வேன்.

வைஃபை, செயற்கை நுண்ணறிவு, முப்பது வகைச் சலவை ஆகியவற்றுக்கு இந்தத் தொகையில் பணம் கொடுக்காதீர்கள். சாதாரணம், விரைவு, மென்மை ஆகிய மூன்றைத் தவிர எங்கள் வீட்டில் வேறெதையும் யாரும் தொடுவதில்லை. துருப்பிடிக்காத எஃகு உருளை, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய நீர் மட்டம், உங்கள் ஊரில் சர்வீஸ் மையம் ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் புதுச்சேரியிலும் சில பெரிய நிறுவனங்களின் சலவை இயந்திரத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன; ஆயினும் உங்கள் ஊருக்கு உதிரிபாகம் எவ்வளவு விரைவாக வரும் என்பதைத் தொழிற்சாலையின் அருகாமை சொல்லாது, உள்ளூர் சர்வீஸ்காரர்தான் சொல்வார்.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடத்தில் பரிசீலனைக் கட்டணம் உண்டா, முழுப்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். கடன் அட்டையில் எடுத்தால் வட்டிப் பகுதிக்கான ஜி.எஸ்.டி.யும் உங்கள் கணக்கில் வரும். சலவை இயந்திரத்துக்கென்று 1,000, 2,000 ரூபாய்க்கு விற்கும் உருண்டை வகை வடிகட்டிகள் கடின நீரை மென்னீராக மாற்றுவதில்லை. அவற்றில் உள்ள பாலிபாஸ்பேட் என்ற வேதிப்பொருள், உப்பு படிவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. உருண்டைகள் கரைந்தபின் மாற்றவும் வேண்டும். ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும். ஹீட்டர் இல்லாத டாப் லோடுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பைக் கரைத்து வெறும் தொட்டியை ஒரு சுற்று ஓட்டி அலசினாலே போதுமானது.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும், ஃப்ரண்ட் லோடாக இருந்தால் வண்டியில் வரும்போது உருளை ஆடாமல் பிடித்திருக்கும் பின்புறப் போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்ட வேண்டும். நிறுவ வருபவர் அதைச் செய்கிறாரா என்று உடனிருந்து பாருங்கள். நான்கு கால்களும் சமமாகத் தரையில் நிற்காவிட்டால் பிழியும்போது இயந்திரம் நடக்கத் தொடங்கிவிடும். பால்கனியில் வைப்பவர்கள் மழைச்சாரல் படாத சுவரோரம் வைத்து உறை போட வேண்டும், ஈரம் ஏறினால் முதலில் போவது மின்னணு போர்டு. மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாலும், அந்தப் போர்டுக்கும் வால்வுக்கும் பம்புக்கும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். ஆகவே பணம் கட்டும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த மாடலின் போர்டை மாற்ற இன்று என்ன விலை என்று சர்வீஸ் மையத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். அது இயந்திர விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் வேறு மாடலைப் பாருங்கள்.